கேமரா மூலை: நாலாவது படமும் அதே லென்ஸ்தானே?

தைப்பூசம் முடிந்ததும் எனக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி ஒரே புலம்பல்: படம் ஷார்ப்பாக வரவில்லை. சரி, இந்த மாதம் அதையே பேசிவிடலாம். கல்யாண ஆல்பத்தைப் பற்றியும் டிரோனைப் பற்றியும் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணே, நான் பினாங்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். இரண்டு வருடமாகக் கேமரா வைத்திருக்கிறேன், 24 மெகாபிக்சல், அதோடு சேர்ந்து வந்த 18-55 மில்லிமீட்டர் லென்ஸ். இந்தத் தைப்பூசத்துக்கு ரதத்தோடு தண்ணீர்மலை முருகன் கோயில் வரைக்கும் நடந்து 900 படம் எடுத்தேன். நல்லதாகப் பார்த்து நாலு படத்தை ஒரு போட்டிக்கு அனுப்பினேன். "விஷயம் நன்று, ஷார்ப்னஸ் போதாது" என்று நடுவர் குறிப்பு எழுதித் திருப்பிவிட்டார். நண்பர்கள் 4,000 வெள்ளிக்கு ஒரு 24-70 லென்ஸ் வாங்கு என்கிறார்கள். சேமிப்பில் 4,500 இருக்கிறது. வாங்கலாமா? உண்மையிலேயே லென்ஸின் ஷார்ப்னஸ் அவ்வளவு முக்கியமா, இல்லை படத்தில் என்ன இருக்கிறது என்பதா?

பதில்: தம்பி, கடையில் முன்பணம் கட்டிவிடாதீர்கள். நல்ல வேளை, அந்த நாலு படத்தையும் முழு அளவில் அனுப்பியிருந்தீர்கள். ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன்.

முதல் படத்தில் காவடி எடுத்தவர் சுழன்று ஆடுகிறார். அவருக்கு முன்னால் ஒரு பெண், தங்கையாக இருக்கலாம், அவர் உட்கார்ந்து ஓய்வெடுக்கிற ஸ்டூலைக் கையில் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வருகிறாள், பார்வை அண்ணன் முகத்தை விட்டு நகரவில்லை. ஷட்டர் 1/40 விநாடி திறந்திருந்தது என்று படத்தின் தகவலில் இருக்கிறது. அவள் மூக்குத்தி தெரிகிறது, ஸ்டூலின் துருப்பிடித்த காலில் கட்டியிருக்கும் மஞ்சள் துணியின் முடிச்சுகூடத் தெரிகிறது, ஆடுகிறவர் மட்டும் மயில்தோகையோடு சேர்ந்து கலைந்து போயிருக்கிறார். இதற்கு லென்ஸ் என்ன செய்யும்? பத்தாயிரம் வெள்ளி லென்ஸைப் போட்டிருந்தாலும் 1/40இல் அவர் இப்படித்தான் விழுந்திருப்பார்.

இரண்டாவது, மலையடிவாரத்தில் பால்குட வரிசை. பின்னால் தொங்கும் விளக்குகளைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஒவ்வொன்றும் கமா போட்ட மாதிரி ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும். எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அது கை ஆட்டம். 55 மில்லிமீட்டரில் 1/15 வைத்திருக்கிறீர்கள், அதுவும் ராத்திரி முழுக்க நடந்த பிறகு. லென்ஸ் எத்தனை மில்லிமீட்டரோ, விநாடியில் அத்தனையில் ஒரு பங்குக்குக் குறையாத வேகம் (55க்கு 1/55) என்பது பழைய கணக்கு. உங்கள் கேமராவின் சென்சார், அதாவது படம் பதியும் சில்லு, சின்னது, ஆகவே இன்னொரு பாதி சேர்த்து 1/80க்கு மேல் வையுங்கள். லென்ஸில் ஆட்டத்தை அடக்கும் வசதி இருக்கிறதே என்பீர்கள். அது உங்கள் கையைத்தான் அடக்கும், எதிரே ஆடுகிறவரை அடக்காது.

மூன்றாவதில் அலகு குத்திய பெரியவரின் காது மடல் மயிர் மயிராகத் தெரிகிறது, கண் மங்கல். ஃபோகஸ் பின்னால் விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

நாலாவது, உடைத்த தேங்காய்களின் ஓட்டைச் சாலையோரத்தில் வாரிக் குவிக்கும் தொழிலாளி. பகல் வெளிச்சம், 1/500, எஃப் 8 (லென்ஸ் துவாரத்தின் எண், எண் கூடினால் துவாரம் சின்னது). ஓட்டில் இருக்கும் நாரை எண்ணலாம் போலிருக்கிறது. தம்பி, இந்த நாலாவது படமும் அதே லென்ஸ்தானே?

நடுவர் சொன்னது பொய்யில்லை, ஆனால் எது எதனால் மங்கியது என்று ஒரு வரி எழுதியிருந்தால் நீங்கள் 4,000 வெள்ளியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் புறப்பட்டிருக்க மாட்டீர்கள். நாலில் ஒன்றை என் வீட்டுச் சுவரில் மாட்டச் சொன்னால் முதல் படத்தைத்தான் எடுப்பேன். அவர் கலைந்திருப்பதால்தான் ஆட்டம் தெரிகிறது, தங்கை தெளிவாக இருப்பதால் அந்தப் பயமும் பாசமும் தெரிகிறது. 1/1000இல் அவரைப் பிடித்திருந்தால் காவடியோடு நிற்கும் பொம்மை மாதிரி இருந்திருக்கும். நாலாவது சுத்தமான படம்தான், ஆனால் மன்னிக்கவும், அதை யாரும் இரண்டாம் தடவை பார்க்க மாட்டார்கள்.

இது புதுச் சண்டை ஒன்றும் இல்லை. 1944 ஜூன் 6, நார்மண்டியின் ஓமாஹா கடற்கரையில் அமெரிக்கப் படைகள் இறங்கியபோது போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காப்பா எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். அவர் கையில் இருந்தது காண்டாக்ஸ் கேமரா, 50 மில்லிமீட்டர் லென்ஸ், அன்றைக்கு அதைவிட நல்லது தேடிப் பிடிக்க வேண்டும். அப்படியும் தண்ணீரில் கிடக்கும் அந்தச் சிப்பாயின் படம் ஆடிப்போய், மங்கிப்போய்த்தான் இருக்கிறது. எண்பது வருடமாக உலகம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, லென்ஸ் சரியில்லை என்று யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. 1932இல் பாரிஸில் ஒரு ரயில் நிலையத்துக்குப் பின்னால், வேலி இடுக்கு வழியாகப் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் எடுத்த படத்திலும் தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதர் கலங்கலாகத்தான் இருக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், அதே 1932இல்தான் அமெரிக்காவில் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் ஆன்செல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலான புகைப்படக்காரர்கள் சேர்ந்து 'எஃப் 64' என்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். பெரிய கேமரா லென்ஸில் இருக்கும் மிகச் சின்னத் துவாரத்தின் எண் அது. முன்னால் இருக்கும் கல்லில் இருந்து பின்னால் இருக்கும் மலை வரைக்கும் எல்லாம் துல்லியமாக விழ வேண்டும் என்பது அவர்கள் கட்சி. அவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். வெஸ்டன் 1930இல் எடுத்த குடைமிளகாய் படத்தில் அந்தத் தோலின் பளபளப்பும் மடிப்பும்தான் விஷயமே. அதை மங்கலாக எடுத்தால் வெறும் குடைமிளகாய், பாசாரில் கிலோக் கணக்கில் கிடைக்கிறது. ஆகவே ஷார்ப்னஸா விஷயமா என்று இரண்டையும் தராசில் வைக்காமல், இந்தப் படத்தில் நான் எதைக் காட்டப் பார்க்கிறேன் என்று முதலில் கேளுங்கள், எவ்வளவு துல்லியம் தேவை என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

என் கதை ஒன்று. பல வருடங்களுக்கு முன்னால் தண்ணீர்மலைப் படியில் நின்றுகொண்டிருந்தேன், 513 படி, பாதியிலேயே எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. ஓர் அம்மாவின் பால்குடம் தளும்பி ஒரு துளி நேராக லென்ஸின் முன்கண்ணாடியில் விழுந்தது. நான் கவனிக்கவில்லை. அந்த லென்ஸை வாங்க ஒரு வருடம் கல்யாணத்துக்குக் கல்யாணம் ஓடிச் சம்பாதித்தேன், சோதனைப் படத்தில் ஓரம் வரைக்கும் கத்தி மாதிரி இருக்கும் என்று பெயர் வாங்கிய லென்ஸ். அடுத்த ஒரு மணி நேரம் எடுத்ததெல்லாம் பாலாடை போர்த்திய மாதிரி வந்தது, ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒரு வட்டம். வீட்டுக்கு வந்து பார்த்து அழாத குறை. அதில் ஒரு படத்தில் அதே அம்மா கடைசிப் படியில் உட்கார்ந்து சிரிக்கிறார், குடத்தில் பாதிப் பால்தான் மிச்சம். அவர் குடும்பம் கேட்டு வாங்கிப் பெரிதாகப் பிரதி போட்டு வைத்திருக்கிறது. அந்த வட்டங்களைப் பார்த்து, "எப்படி அண்ணே இந்த எஃபெக்ட் கொடுத்தீங்க?" என்று மகன் கேட்டார். பால் என்று சொன்னால் நம்பவில்லை.

இன்னொரு கணக்கும் பாருங்கள். உங்கள் 24 மெகாபிக்சல் என்பது 6000க்கு 4000 புள்ளி. போனில் பார்க்கிறவர்களுக்குப் படம் பெரும்பாலும் ஆயிரத்துச் சொச்சம் புள்ளி அகலத்தில்தான் போய்ச் சேருகிறது, வாட்ஸ்அப் வேறு தன் பங்குக்கு அமுக்கிவிடும். வீட்டில் இருக்கும் 4கே டிவியே 8 மெகாபிக்சல் சொச்சம்தான். இதில் எஃப் 8 வைத்து எடுத்தால், கூட வந்த லென்ஸ் எது, 4,000 வெள்ளி லென்ஸ் எது என்று அந்த நடுவராலேயே சொல்ல முடியாது. 12க்கு 18 அங்குலம் அச்சடிக்கிறீர்கள் என்றால் கதை மாறும், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் கணக்குப் போட்டால் 19 மெகாபிக்சல் தேவை, அங்கே லென்ஸின் ஓரம் சொதப்பினால் தெரியும்.

லென்ஸ் மேல் இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் பக்கத்தைச் சுவரில் ஒட்டுங்கள். கேமராவை முக்காலியில் வைத்து, ஆட்டம் அடக்கும் வசதியை நிறுத்திவிட்டு, எஃப் 8, இரண்டு விநாடி டைமர். பொடி எழுத்து படிக்க முடிகிறதா? முடிந்தால் லென்ஸ் மேல் பழி போடாதீர்கள்.

பணத்தை என்ன செய்யலாம்? ராத்திரி வெளிச்சத்துக்கு உங்கள் லென்ஸ் சிரமப்படும்தான், 55இல் அதன் துவாரம் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. அதற்கு 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 ஒன்று வாங்குங்கள், பழையது என்றால் ஆயிரம் வெள்ளிக்குள் முடிந்துவிடும். ஆனால் ஒரு மீட்டர் தூரத்தில் 1.8ஐத் திறந்து வைத்தால் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் ஆழம்தான் துல்லியமாக விழும், கண்ணில் வைத்தால் காது போய்விடும், ஆகவே 2.8 பக்கம் நில்லுங்கள். சென்சாரின் ஒளி உணர்வைக் கூட்டும் ஐஎஸ்ஓவை 3200, 6400 என்று ஏற்றப் பயப்படாதீர்கள். புள்ளி புள்ளியாக வந்தாலும் முகம் தெரியும், ஆடிப்போன முகத்தை எதுவும் காப்பாற்றாது.

மிச்சப் பணத்தில் விடுப்பு எடுங்கள், சும்மா சொல்லவில்லை. தைப்பூசத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்பே காவடி கட்டுகிற வீட்டுக்குப் போங்கள், அந்தத் தங்கை யார் என்று கண்டுபிடியுங்கள். மூன்றாம் நாள் ரதம் ஊருக்குள் திரும்பும்போது எத்தனை கேமரா நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள், கால்வாசிகூட இருக்காது.

கேள்வி: ஐயா, செந்தூலில் இருந்து எழுதுகிறேன். என் அம்மாவுக்கு இருப்பது ஒரே ஒரு படம். 1950களில் ரப்பர் தோட்டத்தில் எடுத்தது, உள்ளங்கை அளவுதான் இருக்கும். பால்வாளியோடு நிற்கிறார், முகம் மட்டும் மங்கல். போன மாதம் என் மகன் அதைப் போனில் ஓர் ஆப்பில் போட்டு ஷார்ப் ஆக்கிக் கொடுத்தான். கண், பல் எல்லாம் பளிச்சென்று வந்துவிட்டது. ஆனால் அம்மா மாதிரி இல்லை. எனக்குத்தான் அம்மா முகம் மறந்துவிட்டதா?

பதில்: மறக்கவில்லை அக்கா. உங்கள் கண்ணை நம்புங்கள். காகிதத்தில் இல்லாத விவரத்தை எந்த ஆப்பாலும் தோண்டி எடுக்க முடியாது. ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகிய நிரல் அது, இந்த இடத்தில் கண் இப்படி இருக்கலாம் என்று ஊகித்து வரைகிறது. அது யாருடைய கண்ணும் இல்லை.

நீங்கள் அனுப்பிய நகலைப் பார்த்தேன். வாளியின் விளிம்பு தெளிவாக இருக்கிறது, பின்னால் பால்மரத்தில் வெட்டிய கோடும் அதன் கீழே பால் வடியும் கிண்ணமும் தெரிகிறது. அப்படியென்றால் லென்ஸ் மேல் தப்பில்லை. அந்தக் காலத்துப் பெட்டிக் கேமராக்களில் ஷட்டருக்கு ஒரே வேகம்தான், ஏறக்குறைய 1/40 விநாடி. அந்த நேரத்துக்குள் அம்மா தலையைத் திருப்பியிருக்கிறார். யாரோ கூப்பிட்டிருக்கலாம், முந்தானையைச் சரி செய்யப் போயிருக்கலாம், வலது கை கொஞ்சம் மேலே போகிற மாதிரித்தான் தெரிகிறது. படத்தில் அசைவது அவர் மட்டும்தான். அதை நான் அழிக்க மாட்டேன்.

பெரிதாக்க ஆசை இருந்தால் போனில் படம் பிடித்துப் பெரிதாக்காதீர்கள். அந்த அளவுப் படங்கள் பெரும்பாலும் 6க்கு 9 சென்டிமீட்டர் நெகட்டிவை அப்படியே காகிதத்தின் மேல் வைத்து அச்செடுத்தவை. பெரிதாக்காமல் எடுத்ததால் நினைப்பதைவிட அதிக விவரம் உள்ளே இருக்கும். ஸ்கேனரில் 1200 டிபிஐ (அங்குலத்துக்கு 1200 புள்ளி) வைத்து எடுத்தால் 12 மெகாபிக்சல் கிடைக்கும், ஓர் ஏ4 தாளுக்குத் தாராளம். லேமினேட் செய்யவே செய்யாதீர்கள், ஒட்டும் ஆல்பத்திலும் வைக்காதீர்கள். மகன் செய்ததை வைத்துக்கொள்ளலாம், ஆனால் கோப்பின் பெயரிலேயே "ஆப் வரைந்தது" என்று எழுதச் சொல்லுங்கள். நாளைக்குப் பேரப்பிள்ளைகள் அதைத்தான் பாட்டி என்று நினைத்துக்கொள்ளும்.

அப்புறம், ஜூலியா மார்கரெட் கேமரன் என்று ஒரு பெண்மணி, கல்கத்தாவில் பிறந்தவர், 48 வயதில்தான் முதல் கேமரா கைக்கு வந்தது. ஃபோகஸ் சரியில்லை என்று அவர் காலத்துப் புகைப்படக்காரர்கள் அவரைக் கேலி செய்தார்கள். 1875இல் இலங்கைக்குக் குடிபோய், தோட்டத்தில் வேலை செய்த நம் மாதிரி மக்களையும் எடுத்தார். அதில் கொஞ்சம்தான் இன்று மிச்சம். பார்க்கக் கிடைத்தால் பாருங்கள், உங்களுக்குப் பிடிக்கும்.

கேள்வி: நான் பட்டர்வொர்த்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர். நீங்கள் எப்போதும் லென்ஸை மட்டம் தட்டிப் பேசுகிறீர்கள். தெலுக் ஆயர் தாவார் கரையில் பறவை எடுத்துப் பாருங்கள், அப்போது தெரியும் ஷார்ப்னஸின் அருமை!

பதில்: வாத்தியார் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். சேற்றில் மேயும் உள்ளான்களில் எது எந்த இனம் என்று சிறகின் ஓரத்தையும் அலகின் வளைவையும் பார்த்துத்தான் சொல்ல முடியும், அங்கே மங்கல் படத்துக்கு மதிப்பே இல்லை. பழைய கோயில் ரசீது, கல்லறை எழுத்து, நகைக்கடைப் படம் இவையும் அப்படித்தான். எழுத்து படிக்க முடியாவிட்டால் படம் எதற்கு? இவற்றுக்கு நல்ல லென்ஸ் வாங்குங்கள் என்று தைரியமாகச் சொல்வேன்.

ஆனால் இரண்டு விஷயம். காலை பத்து மணிக்கு மேல் சேற்றுக்கரையில் இருந்து எழும்பும் வெக்கையில் காற்றே நெளிகிறது, அதன் வழியாக எடுத்தால் எந்த லென்ஸும் தோற்கும். சீக்கிரம் போங்கள், கிட்டே போங்கள். இன்னொன்று, எல்லாம் துல்லியமாக வேண்டும் என்று எஃப் 22 வரைக்கும் மூடாதீர்கள். துவாரம் ரொம்பச் சிறிதானால் ஒளி விளிம்பில் சிதறிப் படம் முழுக்க மங்கிவிடும். நம் கேமராக்களுக்கு 5.6 முதல் 8 வரைதான் நல்ல இடம். எஃப் 64 என்பதெல்லாம் அந்தப் பெரிய தகடுகளுக்குச் சரி.

கேள்வி: போனில் எடுத்தால் போதாதா? (பிரிக்ஃபீல்ட்ஸ்)

பதில்: போதும். விபூதிக் கையோடு தொட்ட கண்ணாடியைத் துடைத்துவிட்டு எடுங்கள்.

கேள்வி: பழைய லென்ஸ் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. உள்ளே லேசாகப் பூஞ்சணம் இருக்கிறது, ஷார்ப்னஸ் பாதிக்காது என்கிறார் விற்பவர். நம்பலாமா? (செராஸ்)

பதில்: அவர் சொல்வதில் பாதி உண்மை. ஓரத்தில் இரண்டு மூன்று இழை இருந்தால் படத்தில் ஒன்றும் தெரியாது. அதிகமானால் வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும்போது எல்லாம் வெளிறிப்போகும், ஷார்ப்னஸ் குறைந்த மாதிரி இருக்கும். சிக்கல் என்னவென்றால் நம் ஊர் ஈரத்தில் அது இரண்டு மூன்று இழையோடு நிற்காது. நான் ஒரு தடவை இப்படி நம்பி வாங்கி, தோல் பையில் வைத்து அலமாரியில் பூட்டிவிட்டேன், அடுத்த தீபாவளிக்குத் திறந்தால் உள்ளே சிலந்தி குடித்தனம் நடத்திய மாதிரி இருந்தது. சுத்தம் செய்யக் கேட்ட கூலி, லென்ஸ் விலையைவிட அதிகம்.

உலர் பெட்டி வாங்க முடியாவிட்டால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், பத்துப் பதினைந்து வெள்ளிக்கு ஓர் ஈரமானி போதும், 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும். ஏர்கான் அறையில் இருந்து வெளியே வந்ததும் பையைத் திறக்காதீர்கள், கால் மணி நேரம் விடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி வியர்க்கும். வாங்கப் போகும்போது ஒரு டார்ச்லைட் எடுத்துக்கொண்டு போங்கள். துவாரத்தை முழுக்கத் திறந்து பின்பக்கம் இருந்து வெளிச்சம் அடித்து, லென்ஸைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். இழை நடுவில் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு, பக்கத்து மாமாக் கடையில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.